அறுபது நாள் ஜனாதிபதி: ஒரு கொரியத் தொடரின் நிறையும் குறையும்



"அரசியல் தொடரா? ஐயோ, வேண்டாம்ப்பா! அதான் தினமும் நியூஸ்ல பாக்கறோமே" என்று ரிமோட்டைத் தேடுகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள். நான் சொல்லப்போவது மைக் பிடித்து முழங்கும் அரசியல் இல்லை. வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு மந்திரி, அன்றைக்கே நாட்டுக்கே பொறுப்பாளராக ஆகிவிட்டால் என்ன செய்வார் என்கிற கதை. 2019-ல் கொரியாவின் டிவிஎன் சேனலில் வந்த 'டெசிக்னேட்டட் சர்வைவர்: 60 டேஸ்' என்ற தொடர். நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

கொரியத் தொடர்கள் நமக்கொன்றும் அந்நியமில்லை. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழ் பேச வைத்து ஒளிபரப்பியபோதே, காலேஜ் போகும் பெண்களோடு சேர்ந்து அம்மாக்களும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்குக் கொரியர்களே அந்நியமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையில் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து அவர்களைக் கடையிலும் சாலையிலும் பார்த்துப் பழகியவர்கள்தான் நாங்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலவே "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டு ஆச்சரியப்பட்டும் இருக்கிறோம்.

ஆனால் இதுவரை நாம் விரும்பிப் பார்த்தவை பெரும்பாலும் காதல் கதைகள், ராஜா ராணிக் கதைகள். அரசியல் பக்கம் நாம் போவதில்லை. அந்தக் கதவைத் திறக்க இந்தத் தொடர் நல்ல சாவி என்று எனக்குத் தோன்றியது. அதே சமயம் இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

கதை இதுதான்

பார்க் மூ-ஜின் ஒரு விஞ்ஞானி. கல்லூரிப் பேராசிரியராக இருந்தவரைக் கூட்டி வந்து சுற்றுச்சூழல் மந்திரி ஆக்குகிறார்கள். அமெரிக்காவோடு ஒரு வர்த்தகப் பேச்சு. அதில் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்கிறார் ஜனாதிபதி. நம் ஆள், "காற்று கெட்டுப்போகும், முடியாது" என்று நிற்கிறார். விளைவு? பதவி போகிறது. அன்றைக்கு ஜனாதிபதி உரையாற்றிக் கொண்டிருக்கும்போதே பாராளுமன்றக் கட்டடம் குண்டு வெடித்துத் தரைமட்டமாகிறது. ஜனாதிபதி, பிரதமர், மந்திரிகள் எல்லோரும் போய்விடுகிறார்கள். நீக்க உத்தரவு முறைப்படி முடியாததால், சட்டத்தின் கண்ணில் மிச்சமிருக்கும் ஒரே மந்திரி பார்க் மூ-ஜின்!

கொரிய அரசியல் சட்டப்படி, ஜனாதிபதி நாற்காலி காலியானால் 60 நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதுவரை பிரதமரும், அவர் இல்லாவிட்டால் மந்திரிகள் வரிசைப்படியும் பொறுப்பு வகிக்க வேண்டும். அப்படி அந்த அறுபது நாளுக்கு மட்டும் நாட்டைக் கையில் வாங்குகிறார் இந்த மனிதர். குண்டு வைத்தது யார்? வட கொரியாவா, வீட்டுக்குள்ளேயே இருக்கும் விரோதியா? 16 பகுதிகளும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

இதன் மூலக்கதை அமெரிக்கத் தொடர். 2016-ல் ஏ.பி.சி. சேனலில் ஆரம்பித்து மூன்று பருவம் ஓடியது. அமெரிக்காவில் எல்லாத் தலைவர்களும் ஓரிடத்தில் கூடும் நாளில், ஒரே ஒரு மந்திரியை மட்டும் வேறிடத்தில் பத்திரமாக வைப்பது வழக்கம். தலைப்பே அதிலிருந்து வந்ததுதான். கொரியாவுக்கு வரும்போது அதை நேரம் குறித்த கதையாக மாற்றிவிட்டார்கள். அங்கேதான் தொடர் ஜெயித்தது.

நம் ஊர்க் கதை மாதிரி இல்லை?

எங்கள் வீட்டில் இதை என்னோடு உட்கார்ந்து பார்த்தவர் என் மாமியார். இரண்டாவது பகுதியிலேயே கேட்டார்: "ஏம்மா, இது நம்ம நெடுஞ்செழியன் கதையில்ல?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரி! 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தபோது, தற்காலிக முதல்வராகப் பொறுப்பேற்றவர் நாவலர் நெடுஞ்செழியன். ஒரு வாரத்தில் கலைஞர் முதல்வரானார். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது மறுபடியும் அதே நெடுஞ்செழியன்தான் தற்காலிக முதல்வர். இரண்டு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் ஒரு முறைகூட அது அவருடையதாகவில்லை. இரண்டாவது முறை அவரிடமிருந்து பொறுப்பு போனது ஜானகி அம்மாளிடம். 1988 ஜனவரியில் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர். ஆட்சி நீடித்தது 24 நாள்தான்.

டெல்லியிலும் இப்படி ஒருவர் உண்டு. 1964 மே மாதம் நேரு மறைந்தபோதும், 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும் தற்காலிகப் பிரதமராக இருந்தவர் குல்சாரிலால் நந்தா. இரண்டு தடவையும் சொல்லி வைத்தாற்போல் 13 நாள்! 1969-ல் ஜனாதிபதி ஜாகிர் உசேன் மறைந்து, பொறுப்பு வகித்த வி.வி.கிரியும் தேர்தலில் நிற்க ராஜினாமா செய்தபோது, சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஜனாதிபதி வேலை பார்த்தார்.

ஆக, "இடையில் வந்தவர்" என்பது நமக்குத் தெரிந்த மனிதர்தான். ஆனால் அப்படி ஒருவரின் மனசுக்குள் அந்த நாட்களில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் யாராவது நினைத்துப் பார்த்தோமா? இந்தத் தொடர் நினைக்க வைக்கிறது.

முதலில் நிறைகள்

ஒன்று, காலக்கெடு. ஒவ்வொரு பகுதியும் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்ற நினைப்போடே நகர்கிறது. வெளியூர் போன அண்ணி வரும்வரை அவர் வீட்டுச் சாவியை நாம் வைத்திருப்போமே, அந்த மாதிரி. சொந்தம் கொண்டாடவும் முடியாது, அலட்சியமாக இருக்கவும் முடியாது. அதிகாரம் என்பது கடன் வாங்கிய பாத்திரம், தேய்த்துக் கழுவித் திருப்பித் தர வேண்டியது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் புரிய வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு, கதாநாயகன். ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துகிற ஆள் இல்லை. கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள வாத்தியார். வட கொரியாவோடு யுத்தம் வந்துவிடும் என்கிற நிலையில், சுற்றி நிற்கும் ராணுவ அதிகாரிகள் அவசரப்படுத்துகிறார்கள். இவரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உதவியாளர்களைக் கேட்கிறார். 2003-ல் வந்த 'ஜுவல் இன் த பேலஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு, இதில் நடித்திருக்கும் ஜி ஜின்-ஹீயை அடையாளம் தெரியும். குரலை உயர்த்தாமலே பயத்தையும் பிடிவாதத்தையும் காட்டுகிறார் மனிதர். பாராட்ட வேண்டிய நடிப்பு.

மூன்று, எதிராளிகளைப் பேயாகக் காட்டாதது. எதிர்க்கட்சித் தலைவி யூன் சான்-கியோங்காக நடித்திருக்கும் பே ஜோங்-ஓக்கைப் பாருங்கள். நம் சீரியல் வில்லி மாதிரி புருவத்தைத் தூக்கிப் பின்னணியில் 'டுடுடுய்ங்' சத்தத்தோடு வருகிறவர் இல்லை. அவருக்குப் பதவி ஆசை இருக்கிறது, புத்தியும் இருக்கிறது, நாட்டைப் பற்றிய கவலையும் இருக்கிறது. மூன்றும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதற்கே ஒரு தைரியம் வேண்டும். நம் தொடர்களில் ஆசைப்படும் பெண் என்றாலே கெட்டவள்தானே!

நான்கு, சந்தேகத்தின் கொடுமையைச் சொன்னது. குண்டு வெடித்ததும், வட கொரியாவிலிருந்து தப்பி வந்து தெற்கே குடியேறிய ஏழை ஜனங்கள் மீது எல்லோருடைய கோபமும் திரும்புகிறது. "இவங்களும் அவங்க ஆளுதானே" என்கிற பேச்சு. ஜனாதிபதி மாளிகையிலேயே வேலை பார்க்கும் ஓர் அதிகாரியும் அப்படித் தப்பி வந்தவர்தான் என்பது அந்தக் காட்சிகளுக்குக் கனம் சேர்க்கிறது.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காரணம் இருக்கிறது. 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், அன்றைக்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். அந்த ராத்திரியை எங்கள் பக்கத்து ஜனங்கள் மறக்கவே மாட்டார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அந்தப் பாவத்துக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத, கைக்குழந்தையோடு கடல் தாண்டி வந்து முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இலங்கைத் தமிழ்ப் பெண்களைக்கூட நம் ஜனங்கள் பார்த்த பார்வை மாறிப்போனது. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தால் "எந்த ஊரு?" என்று கேட்கிற தொனியே வேறாகிவிட்டது. ஒரு கொரியத் தொடர் வந்து அதை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

ஐந்து, முடிகிற கதை! 16 பகுதி, முடிந்தது. ஆயிரம் எபிசோடு தாண்டியும் இன்னும் அந்த டி.என்.ஏ. ரிசல்ட் வராத நம் சீரியல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

இனி குறைகள்

குறையில்லாத சமையல் உண்டா? இதிலும் உப்பு கூடினதும் உண்டு, போட மறந்ததும் உண்டு.

சதிக் கதையில் தற்செயல்கள் அதிகம். உளவுத்துறைப் பெண் ஹான் நா-கியோங் (நடித்தவர் காங் ஹான்-நா) தனி ஆளாகப் போகிறார், வருகிறார், துப்பு துலக்குகிறார். தேவைப்படும்போதெல்லாம் ஒரு தடயம் கையில் வந்து விழுகிறது. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்களே, அந்தச் சமயம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், உண்மையான பாதுகாப்பு என்றால் என்ன என்று. அர்ச்சுனன் தபசிலிருந்து கடற்கரைக் கோயில் வரை போலீஸ், சாலையோரக் கடைகளெல்லாம் காலி, கடலில் காவல் கப்பல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள், இந்தத் தொடரில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஆட்கள் சர்வ சாதாரணமாக நடமாடுவதைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

முடிவும் அவசர அவசரமாக வருகிறது. சூத்திரதாரி யார் என்று சொல்லி உங்கள் ருசியைக் கெடுக்க மாட்டேன். ஆனால் அவர் சொல்லும் காரணம், அத்தனை உயிர் போனதற்கு ஈடாக என் மனசில் நிற்கவில்லை. பதினைந்து பகுதி பொறுமையாகக் கொதிக்க வைத்த குழம்பை, கடைசியில் தாளிக்காமலே இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறைகள் இரண்டு.

முதலாவது, அந்த மனைவி. சோய் காங்-யோன் என்ற அந்தப் பாத்திரம் ஒரு மனித உரிமை வக்கீல். அநியாயம் என்றால் கோர்ட்டுக்குப் போகிற பெண். ஆரம்பத்தில் பார்த்தபோது, "ஆஹா, இவளும் கதையில் ஒரு கை பார்ப்பாள்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணவர் மாளிகைக்குள் போகப் போக, இவள் வக்கீல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கவலைப்படுகிறாள், ஆறுதல் சொல்கிறாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், கணவர் திரும்பி வரக் காத்திருக்கிறாள். சட்டமே கதையாக இருக்கிற ஒரு தொடரில், வீட்டிலேயே இருக்கும் வக்கீலிடம் ஒரு சட்டச் சந்தேகம் கேட்க வேண்டும் என்று கதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லையே! அவள் வழக்குகள் என்ன ஆயின? அவளை நம்பியிருந்த கட்சிக்காரர்கள் எங்கே போனார்கள்? பதில் இல்லை.

சகோதரிகளே, இந்தக் கதை எங்கேயோ நடக்கிற கதை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேங்க் பரீட்சை எழுதியவள், டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள், தையல் மெஷின் வைத்து நாலு காசு பார்த்தவள், வீட்டுக்காரருக்குப் பெரிய வேலை கிடைத்ததும் "இனிமே நீ எதுக்கு?" என்ற ஒரு கேள்வியில் காணாமல் போய்விடுகிறாள். அந்தக் கேள்வியைத் தொடர் கேட்டிருந்தால் பரவாயில்லை. கேட்காமலே அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டது. அதுதான் வலிக்கிறது.

இரண்டாவது பெரிய குறை, 'ஒரு நல்லவர் வந்தால் போதும்' என்கிற நம்பிக்கை. பார்க் மூ-ஜின் நேர்மையானவர், சரி. ஆனால் நாடு பிழைப்பது முழுக்க அவர் மனசாட்சியால்தான் என்கிற மாதிரி கதை நகர்கிறது. ஜனங்கள் பெரும்பாலும் டி.வி. பார்க்கிறார்கள், அழுகிறார்கள், பயப்படுகிறார்கள். தாமாக எழுந்து எதையும் செய்வதில்லை. மார்க்கெட்டில் காய் விற்கிற பெண்மணி இந்த அறுபது நாளில் என்ன பாடு பட்டாள் என்று ஒரு காட்சிகூட மனசில் பதியவில்லை.

நிஜக் கொரியா திருத்தி எழுதிய கதை

இந்தக் குறையைச் சொல்ல நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லவில்லை, கொரிய ஜனங்களே சொல்லிவிட்டார்கள்!

2024 டிசம்பர் 3 ராத்திரி. கொரிய ஜனாதிபதி யூன் சுக்-யோல் திடீரென்று டி.வி.யில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஹெலிகாப்டரில் சிப்பாய்கள் பாராளுமன்றத்தில் இறங்கினார்கள். வீட்டில் படுக்கப்போன ஜனங்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். எம்.பி.க்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். சபாநாயகரே வேலி தாண்டித்தான் உள்ளே போனார். ஆன் க்வி-ரியோங் என்ற எதிர்க்கட்சிப் பெண் பேச்சாளர், சிப்பாயின் துப்பாக்கியைக் கையால் பிடித்துத் தடுத்த காட்சியை உலகமே பார்த்தது. நள்ளிரவு தாண்டி, சபைக்குள் வந்து சேர்ந்த 190 பேரும் ஒருமித்து ஓட்டுப் போட்டு அந்த உத்தரவை ரத்து செய்யக் கோரினார்கள். பொழுது விடிவதற்குள் அது வாபஸ் ஆயிற்று.

பிறகு குளிரில் வாரக்கணக்கில் தெருவில் நின்றவர்களில் இளம் பெண்கள் ஏராளம். பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் வண்ண விளக்குக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிசம்பர் 14-ல் பாராளுமன்றம் அவர் மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள். தேர்தல் எப்போது தெரியுமா? ஜூன் 3. எண்ணிப் பாருங்கள், சரியாக 60-வது நாள்!

இன்னொரு அதிசயம். இடைக்காலப் பொறுப்பு கை மாறிக் கை மாறி, மே மாதத்தில் கல்வி மந்திரியிடம் வந்து நின்றது. தொடரில் சுற்றுச்சூழல் மந்திரி, நிஜத்தில் கல்வி மந்திரி! கதாசிரியர்கள் கற்பனை என்று நினைத்து எழுதினார்கள்; சட்டம் அதை நடத்தியே காட்டிவிட்டது.

ஆனால் நிஜத்தில் நாட்டைக் காப்பாற்றியது ஒரு தனி நல்லவர் இல்லை. வாசலில் நின்ற பெயர் தெரியாத ஜனங்கள், சுவர் ஏறிய எம்.பி.க்கள், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு சட்டம். தொடர் விட்டுவிட்டது இதைத்தான்.

நம் கடற்கரைக்கும் இது தெரியும்

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கிப் பிறகு பொங்கி வந்ததே, அன்றைக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்? முன்கூட்டிச் சொல்ல அப்போது இங்கே ஏற்பாடே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி போட்ட கூச்சல்தான் எச்சரிக்கை மணி. யார் குழந்தை என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் அன்றைய அதிகாரிகள். அதற்குப் பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஓடி வந்து தூக்குகிற கையும் வேண்டும், முன்னாலேயே சொல்கிற ஏற்பாடும் வேண்டும். மகான் ஒருவர் வருவார் என்று கரையில் உட்கார்ந்திருந்தால் ஆகுமா?

பெண்கள் விஷயமும் அப்படித்தான். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, 1996-ல் தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனது. 2016-ல் அது சரிபாதி ஆனது. புதிதாகப் பிறந்த எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, எத்தனையோ பெண்கள் தலைவர்களானார்கள். சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. அப்புறம்?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்காவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்க ஊர்ல லேடி தலைவராமே அக்கா, எப்படி?"

"போர்டுல அவங்க பேருதாம்மா இருக்குது. நாற்காலியில குந்திக்கினு இருக்கிறது அவங்க ஊட்டுக்காரரு. கையெழுத்துக்கு மட்டும் அந்தம்மாவ கூப்புடுவாங்க" என்றார், சுறாவை நறுக்கிக்கொண்டே. பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. தண்ணி வரலைன்னு பொம்பளைங்க நாங்க பத்து பேரு போய் நின்னோம் பாரு, அன்னிக்கு அந்தம்மாதான் வெளிய வந்து பேசினாங்க. அவரு வாயே தொறக்கல."

பார்த்தீர்களா! பத்துப் பெண்கள் போய் வாசலில் நின்றதும், உள்ளே இருந்த பெண்ணுக்கு வாய் திறந்தது. இந்த ஒரு காட்சி அந்தக் கொரியத் தொடரில் இருந்திருந்தால், அதை ஒரு படி மேலே வைத்திருப்பேன்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

பெயர்கள் முதலில் குழப்பும். கொரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். பார்க், கிம், ஹான், ஓ எல்லாம் குடும்பப் பெயர்கள். முதல் இரண்டு பகுதிக்கு ஒரு காகிதத்தில் யார் யார் என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு கஷ்டமில்லை.

கீழே ஓடும் எழுத்தைப் படித்தபடி பார்க்க வேண்டியிருந்தால், கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். நானும் கீரையை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். மத்தியானம் வேலை முடிந்த பிறகு தினம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் பதினாறு நாளில் முடிந்துவிடும்.

குண்டு வெடிப்பு, துப்பாக்கிச் சூடு, இடிபாடுகளில் உடல்கள் உண்டு. சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒரு பகுதி முடிந்ததும், "நம்ம நாட்டுல ஜனாதிபதி இல்லாமப் போனா யாரு பொறுப்பு? எத்தனை நாள்ல தேர்தல்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்: துணை ஜனாதிபதி, ஆறு மாதத்துக்குள். குடிமையியல் பாடத்தை இதைவிட ருசியாகச் சொல்லித்தர முடியாது.

"பெண்கள் முன்னால் நிற்கிற அரசியல் கதை இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு, 2023-ல் வந்த 'குயின்மேக்கர்' இருக்கிறது. 11 பகுதி. பெரிய கம்பெனி ஒன்றின் காரியங்களை மூடி மறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதே கம்பெனியை எதிர்த்துப் போராடிய இன்னொரு பெண் வக்கீலை சியோல் நகர மேயர் ஆக்கப் பாடுபடுகிற கதை. கிம் ஹீ-ஏ, மூன் சோ-ரி இரண்டு பேரும் போட்டி போட்டு நடித்திருக்கிறார்கள். முதல் தொடரில் மனைவிக்குக் கிடைக்காத இடம், இதில் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மொத்தத்தில் என் மதிப்பெண்? நடிப்புக்கும், காலக்கெடு என்ற யோசனைக்கும், சந்தேகத்தின் கொடுமையைச் சொன்னதற்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த வக்கீல் மனைவியை மறந்ததற்கும், ஜனங்களை வெறும் பார்வையாளர்களாக உட்கார வைத்ததற்கும் தயங்காமல் குறைக்கலாம். நூற்றுக்கு எழுபது.

மீதி முப்பது? அதைத் தொடர் எடுப்பவர்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபை என்றைக்கு என்று விசாரியுங்கள். வருஷா வருஷம் குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜெயந்தியிலும் கூடுகிற சபை அது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்காவையும் எதிர் வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்காருங்கள். தண்ணீரோ, தெரு விளக்கோ, ரேஷன் கடையோ, ஒரு கேள்வி கேளுங்கள். போர்டில் பெயர் இருக்கிற அந்த அம்மாவைப் பார்த்தே கேளுங்கள்.

— ஒரு வாசகி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு மாவட்டம்